செசானின் தூரிகை முறைக்குப் பெயர்: ‘கட்டுத்தீற்றல்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் தூரிகை முறைக்குக் கலை வரலாற்றாசிரியர் தியடோர் ரெஃப் 1962இல் இட்ட ‘constructive stroke’ என்னும் பெயரைத் தமிழில் ‘கட்டுமானத் தூரிகை வீச்சு’ என வழங்கலாம் என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். கட்டுவது என்னும் கருத்து அதில் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் ‘வீச்சு’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வீச்சு என்றதும் வேகமும் கைவிசையும்தான் முன்னே வருகின்றன. அது வான்கோவுக்குப் பொருந்தும்; செசானோ ஒரு தீற்றலை (தூரிகையின் ஒரு தொடுகையில் விழும் வண்ணத்தை) வைத்துவிட்டு, அடுத்ததை வைக்குமுன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

1880ஐ ஒட்டி அவர் வரைந்த ‘மெதான் மாளிகை’ ஓவியத்தை வைத்துப் பேசுவோம். பாரிசுக்கு மேற்கே சேன் ஆற்றங்கரையில் உள்ள மெதானில், அவருடைய இளமைக்கால நண்பரான எழுத்தாளர் எமில் சோலா 1878இல் வீடு வாங்கியிருந்தார். அங்கே விருந்தினராகத் தங்கியிருந்த செசான், சோலாவின் ‘நானா’ என்னும் படகில் ஆற்றிடைத் தீவுக்குச் சென்று, அங்கிருந்து எதிர்க்கரை வீடுகளை வரைந்தார். (படத்தில் உள்ள மாளிகை சோலாவின் வீடு அன்று.) ஒரு காலத்தில் ஓவியர் கொகேனின் உடைமையாக இருந்த அப்படம் இன்று கிளாஸ்கோவில் பரெல் தொகுப்பு என்னும் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆறு, கரை, வீடுகள், குன்று, வானம் என்று பட்டை பட்டையாகக் கிடக்கும் அந்தக் காட்சியை மெலிந்த மரங்கள் நெடுக்காக வெட்டுகின்றன. கரைப் புல்லையும் மரத்தழையையும் நெருங்கிப் பார்த்தால், ஏறத்தாழ ஒரே அளவான சிறு தீற்றல்கள் பெரும்பாலும் ஒரே சாய்வில் பக்கம்பக்கமாக நிற்பது தெரியும். புல் புல்லாகவோ இலை இலையாகவோ தனித்து வரையப்படவில்லை. எந்தப் பொருளாயினும் தீற்றல் ஒன்றே. ஓவியர் மோனேயிடம் நீருக்கு ஒரு தீற்றல், தழைக்கு வேறொரு தீற்றல் என்று பொருளுக்கேற்பக் கை மாறும். செசான் அதை மாற்றாமல் வைத்திருப்பதால்தான், அருகில் உள்ள புல்லும் தொலைவில் உள்ள குன்றும் ஒரே பரப்பில் பிணைந்து நிற்கின்றன.

ஆகவே ‘கட்டுத்தீற்றல்’ என்பது என் பரிந்துரை. ‘கட்டு’ என்னும் வினைக்கு எழுப்புதல், பிணைத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. இந்த முறைக்கு இரண்டுமே வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதையும் தீற்றுதல் என்பதால், வண்ணத்தின் கனமும் அச்சொல்லில் கிடைத்துவிடுகிறது. ‘இணைகோட்டுத் தீற்றல்’ என்ற மாற்று, தோற்றத்தை மட்டுமே சொல்கிறது. பென்சில் ஓவியத்தில் நிழலுக்கு இடும் கோடுகளோடு குழப்பவும் கூடும். ‘அடுக்குத் தீற்றல்’ என்றால் வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றுவதாகப் படித்துவிடுவார்கள்.

ஒப்புதல் இருப்பின் விளக்கத்தை இவ்வாறு பதியலாம்: கட்டுத்தீற்றல் – ஒத்த அளவும் சாய்வும் கொண்ட தீற்றல்களை அருகருகே வைத்து, வரையும் பொருள் எதுவாயினும் ஓவியப் பரப்பை ஒன்றாகக் கட்டும் முறை; செசானின் 1880ஐ ஒட்டிய ஓவியங்களில் தெளிவாகக் காணப்படுவது.