ஏலத்தோட்ட வீடியோக்களுக்கு உரிய பார்வையாளர் யார்?

கேள்வி: வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுக்கு அருகில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய ஏலக்காய்த் தோட்டம் ஒன்று உள்ளது. தோட்டத்து வேலைகளைத் தமிழில் படம்பிடித்து யூடியூப் சேனல் ஒன்றை நடத்தி வருகிறேன். கவாத்து, மருந்தடிப்பு, காயெடுப்பு, ஸ்டோரில் காய் உலர்த்துவது என வேலையோடு வேலையாக எடுப்பவை ஒரு வகை. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையின் அன்றைய விலையைச் சொல்பவை இன்னொரு வகை. ஓய்வாக இருக்கும்போது தேக்கடி, ராமக்கல்மேடு போன்ற இடங்களையும் காட்டுவதுண்டு.

ராமக்கல்மேட்டின் மேலே நின்று கீழே விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கைக் காட்டிய ஒரு ஷார்ட்ஸ் எதிர்பாராத அளவுக்குப் பரவி, சந்தாதாரர்களை அள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின் நான் போட்ட அழுகல் நோய் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விளம்பர வருமானத்துக்கு வேண்டிய 1000 சந்தாதாரர் என்ற எல்லையைக் கடந்துவிட்டேன். 12 மாதங்களில் 4000 மணி நேரப் பார்வை என்பதுதான் எட்டாமல் நிற்கிறது. ஷார்ட்ஸ் ஓட்டத்தில் பார்க்கப்படும் நேரம் அந்தக் கணக்கில் சேராது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 'முதலில் உங்கள் பார்வையாளர் யார் என்று முடிவு செய்யுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் 25 முதல் 44 வயது வரையுள்ள ஆண்கள் என்று, சேனல் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோ சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் எதை முடிவு செய்வது?

பதில்: கம்பம் திராட்சைக்காரன்

வணக்கம் தம்பி. வயதையும் பாலினத்தையும் விளம்பரம் கொடுப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்து எந்த வீடியோ எடுப்பது என்பதை அவை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நான் பன்னீர் திராட்சை பற்றித்தான் வீடியோ போடுகிறேன். என்னுடைய பார்வையாளர் யார் என்று என்னைக் கேட்டால், 'கவாத்து முடித்துவிட்டு, தளிர் வரும் வேளையில் வானம் மூடிக்கொண்டதே என்று கவலைப்படுபவர்' என்று சொல்வேன். அவருக்கு 25 வயதா 60 வயதா என்பதால் வீடியோவில் எதுவும் மாறாது.

உங்கள் சேனலை நானும் பார்ப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அழுகல் நோய் வீடியோவின் கீழே ஒருவர், அந்த நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை மருந்தைப் பற்றி, 'போர்டோ கலவை அடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது, கழுவிப் போயிருக்குமா, மறுபடி அடிக்கலாமா, நான் ஞாயிற்றுக்கிழமைதான் மேலே வருவேன்' என்று கேட்டிருந்தார். அந்தக் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். கம்பத்திலோ போடியிலோ தேவாரத்திலோ குடியிருந்துகொண்டு, மலைமேல் உள்ள தோட்டத்தைக் கணக்கப்பிள்ளையின் பொறுப்பில் விட்டு, கம்பமெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ போய் வருபவர் அவர். தோட்டம் அவருடையது, செலவும் அவருடையது. ஆனால் இன்று செடி எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பும் தமிழ் வீடியோ எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. தோட்டத்திலேயே குடியிருப்பவர் பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டுக்கொள்வார். மயிலாடும்பாறை, பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையங்களுக்கும் நேரில் போய்விடுவார். கீழே இருப்பவருக்குத்தான் நீங்கள் வேண்டும்.

ஆகவே 'அழுகல் நோய்க்குத் தீர்வு' என்று ஆண்டு முழுவதற்கும் பொதுவாகப் போடுவதைக் காட்டிலும், 'ஜூன் முதல் வாரம், வண்டன்மேட்டுப் பக்கம் மழை இவ்வளவு, காய் பிடிக்கும் சரத்தின் அடியில் காய் இப்படி இருக்கிறது, உங்கள் ஆட்களிடம் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்' என்று போடுங்கள். ஸ்டுடியோவில் எந்த நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் திறந்து பாருங்கள். நீங்கள் வணக்கம் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லும் இடத்தில் கோடு சரிந்திருக்கும். சரத்தைக் கையால் விலக்கி அடியில் இருக்கும் காயைக் காட்டும் இடத்தில், திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு அடையாளமாகச் சற்று மேலே எழும்பியிருக்கும். பார்வையாளர் யார் என்பதற்கு வயதுக் கணக்கைவிட அந்த மேடு நல்ல சாட்சி.

பதில்: போடி வியாபாரி

மேலே அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். விலை வீடியோ பற்றி மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். ஏலத்தில் வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் நறுமணப் பொருள் வாரியம் தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. அதையே படித்துக்காட்டினால் கேட்பவர் அரை நிமிடத்தில் போய்விடுவார். அவர் மேல் தவறில்லை. 2019 ஆகஸ்டில் அதிகபட்ச விலை கிலோ 7000 ரூபாயைத் தொட்டபோது, ஏலச்செடியைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட விலையைத் தேடிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட கூட்டம் விலையோடு வந்து விலையோடு போய்விடும்.

விவசாயிக்கு உண்மையில் விளங்காதது வேறு. அதிகபட்ச விலையைச் செய்தியில் கேட்டுவிட்டு வருபவர், தன் காய்க்குச் சராசரிக்கும் கீழே கிடைத்ததும் ஏமாற்றப்பட்டதாக நினைத்துக்கொள்கிறார். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய் எவ்வளவு தேறியது, பச்சை நிறம் நின்றதா, ஸ்டோரில் சூடு கூடி நிறம் வெளுத்ததா, பிளந்த காய் எவ்வளவு கலந்தது என்பவைதான் விலையை ஏற்றி இறக்குகின்றன. இரண்டு கைகளில் இரண்டு தரக் காயை அள்ளி வைத்துக்கொண்டு, இதற்கு ஏன் இந்த விலை, அதற்கு ஏன் அந்த விலை என்று நீங்கள் விளக்கினால், அதைக் கடைசிவரை பார்க்கும் ஆள் என் கடை வாசலிலேயே தினமும் நிற்கிறார்.

சமையலுக்கு ஐம்பது கிராம் வாங்கும் இல்லத்தரசிகளையும் இதே சேனலில் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது நல்ல காயை இனம் காணும் வழி. மருந்தடிப்பைப் பார்த்தால் வாங்கவே பயப்படுவார்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறை வாசகர்

நான் பாலக்காடு எல்லையில் இருப்பவன். ஏலக்காய் பற்றித் தெரியாது, எல்லை பற்றித் தெரியும். உங்கள் பகுதியில் உள்ள மலையாளி விவசாயிகள் பலருக்கு நீங்கள் பேசும் தமிழ் காதில் விழுந்தால் புரியும். ஆனால் தமிழ் எழுத்து படிக்க வராது. அப்படியிருக்க, முகப்புப் படம் முழுக்கத் தமிழில் பெரிய எழுத்துகளை அடுக்கினால், புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள். எழுத்தைக் குறைத்து, அழுகிய காயையோ நோய் தாக்கிய தட்டையையோ (செடியின் தண்டு) நெருக்கமாகக் காட்டுங்கள். விவசாயி படத்தைப் பார்த்தே நின்றுவிடுவார். தலைப்பை மலையாளத்தில் மொழிபெயர்த்துச் சேர்க்கும் வசதி யூடியூபில் உண்டு. ஆனால் பார்ப்பவரின் மொழி அமைப்பு மலையாளமாக இருந்தால்தான் அது தோன்றும். நம் பக்கத்தில் பெரும்பாலான கைபேசிகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஸ்டுடியோ காட்டும் ஊர்ப் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கைபேசி இணையத்தில் பார்ப்பவருடைய ஊர் பல வேளைகளில் ஏதாவதொரு பெருநகரமாகவே பதிவாகும். கொச்சி என்றோ சென்னை என்றோ காட்டினால், அவர் உங்கள் பக்கத்து நெடுங்கண்டத்தில் இருந்தும் பார்த்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: வண்டன்மேட்டுத் தோட்டக்காரன்

மூவருக்கும் நன்றி. கீழே குடியிருக்கும் தோட்டக்காரர் என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் சித்தப்பாவே அந்த வகைதான். இரண்டு ஐயங்கள் உள்ளன. அதிகாலை ஜீப்பில் ஏறி வந்து காயெடுக்கும் அக்காமார்களும் என் வீடியோக்களைப் பார்க்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவதா? அடுத்து, ராமக்கல்மேட்டு ஷார்ட்ஸை நீக்கிவிடலாமா?

பதில்: கம்பம் திராட்சைக்காரன்

நீக்க வேண்டாம் தம்பி. யூடியூப் ஒவ்வொரு வீடியோவையும் அதை விரும்பிப் பார்க்கக்கூடியவரிடம் கொண்டுபோய்க் காட்டப் பார்க்கிறது; பழைய ஷார்ட்ஸ் ஒன்று இருப்பதால் உங்கள் அழுகல் நோய் வீடியோ முடங்கிவிடாது. காட்சிகள் எடுக்கும் ஆசையை அடக்கவும் வேண்டாம், அவற்றை வேறொரு சேனலில் போடுங்கள். இந்தச் சேனலில் ஷார்ட்ஸ் போட்டால் அது தோட்டத்துக்குள்ளேயே எடுத்ததாக இருக்கட்டும். அதில் முழு வீடியோவுக்கான இணைப்பையும் கொடுங்கள்.

காயெடுக்கும் பெண்களைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பழுத்த காயையும் பிஞ்சையும் பிரித்தெடுக்கும் கைப்பழக்கம் அவர்களுக்கு நம் எல்லோரையும்விடக் கூடுதல். அவர்களுக்குக் காயெடுக்கக் கற்றுக்கொடுப்பதாக வீடியோ எடுத்தால் சிரிப்பார்கள். அவர்களில் விருப்பமுள்ள ஒருவரை, கேட்டுக்கொண்டு, முகம் காட்டலாமா வேண்டாமா என்பதையும் அவரிடமே விட்டுவிட்டு, கேமராவுக்கு முன்னால் பேச வையுங்கள். கீழே இருக்கும் தோட்டக்காரர் அதை உட்கார்ந்து பார்ப்பார், அந்த அக்காவின் ஊரிலும் எல்லோரும் பார்ப்பார்கள். அன்றைக்குப் பேசியதற்குக் கூலியைப் பிடித்துவிடாதீர்கள்.