மறுமொழி: ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ – ‘அடிமுதற்கட்டு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கடையில் விற்கும் பாகப்பெட்டி இல்லாமல், மாதிரிக் கப்பல் போன்றவற்றை மூலப்பொருளிலிருந்தே செய்வதை ஆங்கிலத்தில் ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘அடிமுதற்கட்டு’ என்று நான் சொன்னதற்கு வந்த கருத்துகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> ‘சுயகட்டுமானம்’ என்றாலே போதுமே. தன் கையால் செய்வதுதானே விஷயம்?

போதாது என்று நினைக்கிறேன். பெட்டி வாங்கிச் செய்பவரும் தன் கையால்தான் செய்கிறார். விக்டரி, கட்டி சார்க் மாதிரியான புகழ்பெற்ற கப்பல்களுக்குக் கடையில் பெட்டி கிடைக்கிறது. திறந்தால் எண்ணிட்ட பாகங்கள், நூல், பித்தளைத் துண்டுகள், விளக்கத்தாள் எல்லாம் உள்ளேயே இருக்கும். அதைக் கட்டி முடிக்கவும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாம் பெயர் தேடுவது வேறொரு வேலைக்கு. அதில் கையில் இருப்பது வரைபடமும் கொஞ்சம் மரமும்தான். எந்தப் பாகம் எந்த வடிவம் என்று நாமே கணக்குப் போட்டு, நாமே அறுத்து, நாமே இழைக்க வேண்டும். மாவு வாங்கி வந்து இட்லி சுடுவதற்கும், அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்துச் சுடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டும் வீட்டு இட்லிதான். ‘சுய’ என்ற முன்னொட்டு இரண்டையும் பிரித்துக் காட்டாது.

> ஆங்கிலத்தில் இருப்பதையே ‘கீறல் கட்டு’ என்று கொண்டுவரலாமே.

அந்த ‘ஸ்கிராட்ச்’ ஓட்டப்பந்தயத்தில் தரையில் கீறிய தொடக்கக் கோடு. சலுகை பெற்றவர்கள் சில அடி முன்னால் நின்று ஓடுவார்கள்; சலுகை இல்லாதவர் கோட்டிலிருந்தே ஓடுவார். அழகான படம். ஆனால் தமிழில் ‘கீறல்’ என்றவுடன் அந்தக் கோடு நினைவுக்கு வராது, மெருகேற்றிய பலகையில் விழுந்த பழுதுதான் வரும். பூச்சியத்திலிருந்து கட்டுவது என்ற பொருளில் ‘பூச்சியக்கட்டு’ என்று வைத்தாலும் எனக்கு ஒட்டவே இல்லை.

சரி, ‘அடிமுதற்கட்டு’ எப்படித் தோன்றியது என்று சொல்கிறேன். நான் இதில் புதியவன். முதல் முயற்சியாகத் தூத்துக்குடித் தோணி ஒன்றை 1:48 அளவில், அதாவது உண்மையான நீளத்தில் 48இல் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். அந்த அளவில் 2 அங்குலப் பலகை ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனாகிவிடும். முதலில் கப்பலின் அடிமரமான ஏராவை வெட்டி, நிமிர்த்தி நிற்கவைத்தேன். அதன்மேல் வரிசையாக வங்குகள், அதாவது விலா எலும்புபோல நிற்கும் சட்டங்கள். அப்புறம்தான் பலகை. இங்கேதான் தவறினேன். அணியத்தை, அதாவது முன்முனையை, நோக்கி உடல் குறுகும் இடத்தில் ஒவ்வொரு வங்கின் ஓரத்தையும் பலகை ஓடும் திசைக்கு ஏற்பச் சாய்வாகச் சீவ வேண்டும். நான் சீவாமல் சதுர ஓரமாகவே விட்டுவிட்டேன். பலகை வங்கின் ஒரு விளிம்பை மட்டும் தொட்டது, பசை பிடிக்கவில்லை, இரண்டாம் நாள் காலையில் நான்கு பலகைகள் தெறித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஏராவுக்கே போனேன். பெட்டியில் வரும் கப்பலென்றால் அந்தச் சாய்வுக்கான கோட்டையாவது பல நேரம் பாகத்திலேயே போட்டுக் கொடுத்திருப்பார்கள். இதில் அடி முதல் எல்லாம் நம் பொறுப்பு. சொல் எனக்கு அந்தக் காலையில்தான் கிடைத்தது.

ஏராதான் கப்பலின் ‘அடி’. ‘அடிமுதல் முடிவரை’ என்று எல்லோரும் சொல்கிறோம், புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘முதல்’ என்ற சொல்லில் இன்னொரு நன்மையும் உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம் என்று நம் தத்துவ நூல்களில் வருகிறது அல்லவா? அங்கே முதல் என்றால் தொடக்கம் மட்டுமல்ல, பொருள் எதிலிருந்து உருவாகிறதோ அந்த மூலப்பொருளும்தான். மண்ணிலிருந்து குடம்போல, பலகையிலிருந்து கப்பல். நாம் தேடும் இரண்டு கருத்தும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இது பெட்டிக்கட்டு இல்லை, அடிமுதற்கட்டு.’ ‘இந்தத் தோணியை அடிமுதல் கட்டினேன்.’ பெயராகவும் வினையோடும் தடையின்றி வருகிறது. பெட்டியில் பாதி, சொந்தமாகப் பாதி என்று செய்வதைக் ‘கலப்புக்கட்டு’ எனலாம். புணர்ச்சி கடினம் என்று தோன்றினால் ‘அடிமுதல் கட்டு’ என்று பிரித்து எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. தேடுவதற்கும் அது எளிது.

> ‘ஏராக்கட்டு’ இன்னும் சுருக்கம். கடலோரச் சொல்லும் பிழைக்கும்.

இலங்கை நண்பரின் இந்த யோசனையைத் தள்ளிவிட மனமே வரவில்லை. ஆனால் நாளை ஒருவர் நீராவி ரயில் எஞ்சினையோ விமானத்தையோ தகட்டிலிருந்து செய்தால் அதில் ஏரா ஏது? பொதுப்பெயர் அடிமுதற்கட்டாக இருக்கட்டும். ஏரா, வங்கு, அணியம், அமரம் (பின்முனை), சுக்கான், பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குமரம்) ஆகியவற்றைப் பாகங்களின் பெயர்களாக அப்படியே எடுத்துக்கொள்வோம். படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகளின் வாயில் இருக்கும் சொற்கள் இவை. ‘விலாச்சட்டம்’, ‘முன்முனைப் பகுதி’ என்று நாம் புதிதாக உருவாக்கத் தேவையே இல்லை.

இந்தச் சொல் மற்றவர்களைவிட நமக்கு அதிகம் தேவை என்று நினைக்கிறேன். இலங்கையின் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போய்ச் சேர்ந்தது. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். 1:48இல் செய்தால் 56 செ.மீ.க்குச் சற்று மேல், ஒரு மேசையில் அடங்கிவிடும். அதற்கு ஒரு பெட்டி நான் தேடிய இடத்தில் எங்குமே கிடைக்கவில்லை. தோணிக்கும் இல்லை. நம் கலங்களில் ஒன்றை மேசைமேல் பார்க்க ஆசைப்படுபவருக்கு இப்போதைக்கு இருக்கும் வழி அடிமுதற்கட்டு ஒன்றுதான்.

ஒரு சொல் மட்டும் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. பலகை சீராக உட்காரும்படி வங்குகளின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி எடுக்கும் வேலைக்கு ஓடாவிகள் தனிப்பெயர் வைத்திருப்பார்கள். ‘ஓரச்சீவல்’ என்று நான் தற்காலிகமாக எழுதிக்கொள்கிறேன். தூத்துக்குடி, கடலூர், நாகப்பட்டினம், வல்வெட்டித்துறைப் பக்கம் படகு கட்டும் இடத்துக்கு யாராவது போக நேர்ந்தால், தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.