600 வெள்ளிக்குள் பழைய சாமான் வாங்கி வீட்டுச் சர்வரை மாற்றலாமா?

பால்மரக்காடு (சுங்கை சிப்புட்):

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆலையில் ஷிப்ட் வேலை, கணினி எனக்கு வெறும் பொழுதுபோக்கு, அதனால் பதில் போடுபவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினியைச் சர்வராக ஓட்டுகிறேன். ஐ3-2120, டிடிஆர்3 ரேம் 8 ஜிபி, 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு மிரராக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்), மேலே ஓபன்மீடியாவால்ட் என்ற சர்வர் மென்பொருள். படங்களுக்கு இம்மிச், டிவியில் பார்க்க ஜெல்லிஃபின், அவ்வளவுதான். ஆனால் அதில் இருப்பது லேசில் திரும்பக் கிடைக்கும் சாமான் இல்லை. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி, லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) உடைத்தாகிவிட்டது, கோயிலையும் இடம் மாற்றிவிட்டார்கள். பழைய திருவிழா வீடியோ, லயத்து வாசலில் எடுத்த படங்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் இந்த இரண்டு டிஸ்க்கில்தான்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அக்கா மகன் ஐபோனில் எடுத்து ஏற்றும் வீடியோவை டிவியில் போட்டால் விட்டு விட்டு ஓடுகிறது, சிபியு நூறு சதவீதத்தில் நிற்கிறது. டிஸ்க்கும் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. கையில் 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. ஈப்போவில் ஒருவர் டெல் ஆர்720 ராக் சர்வர் (அலுவலக அடுக்கில் மாட்டும் பெரிய சர்வர்) ஒன்றை, சியான் (Xeon) சிபியு இரண்டு, 64 ஜிபி ரேமோடு 650க்குத் தருகிறேன் என்கிறார், பேசினால் 600க்கு இறங்குவார் போலிருக்கிறது. இன்னொரு பக்கம் லெனோவோ எம்710க்யூ மாதிரி கையகலப் பெட்டிகள் 300, 350க்குக் கிடைக்கின்றன. 64 ஜிபி, இரண்டு சிபியு என்று பார்க்கும்போது ராக் சர்வர் பக்கம்தான் மனம் போகிறது. என்ன சொல்கிறீர்கள்?


வயர்மேன்55:

தம்பி, அந்த ராக் சர்வரை வாங்காதே. காரணத்தை வெள்ளிக் கணக்கிலேயே சொல்கிறேன்.

2025 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டணத்தில் மின்சாரம், கொள்ளளவு, வலையமைப்பு என்று மூன்றாகப் பிரித்துப் போடுகிறார்கள், 27.03, 4.55, 12.85. கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குச் சலுகைக் கழிவு உண்டு, அதை விட்டுவிட்டுப் பார்ப்போம். சியான் இரண்டு போட்ட அந்தக் காலத்து ராக் சர்வர் டிஸ்க்கெல்லாம் மாட்டினால் சும்மா இருக்கும்போதே 150 வாட் வரை இழுக்கும். 150 வாட் இரவு பகலாக ஓடினால் மாதம் 108 யூனிட், ஏறத்தாழ 48 வெள்ளி. இப்போது நீ வைத்திருப்பது 60 வாட் என்று வைத்துக்கொண்டால் 19 வெள்ளி. அந்தக் கையகலப் பெட்டி, டிஸ்க்கோடு 20 வாட் என்றால் ஆறரை வெள்ளி. ராக் சர்வருக்கும் சின்னப் பெட்டிக்கும் மாதம் நாற்பது வெள்ளிக்கு மேல் வித்தியாசம், ஒரு வருடத்தில் இன்னொரு பெட்டியே வாங்கிவிடலாம். சத்தத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் அதை ஹாலில் வைத்தால் வீட்டம்மா உன்னையும் சேர்த்து வெளியே வைப்பார்.

அப்புறம் இடி. இதுதான் நம் ஊரில் பெரிய விஷயம், யாரும் கேட்பதில்லை. ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் பேராக் பக்கம் எப்படி இடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஃபைபர் கண்ணாடிதான், அது வழியாக மின்னல் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் ஏறி சர்வரின் போர்ட்டைச் சுடும். சர்ஜ் பாதுகாப்பு உள்ள பிளக் வாங்கினாலும் வீட்டில் எர்த் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும், பழைய வீட்டு வயரிங் என்றால் முதலில் அதை ஒரு வயர்மேனை அழைத்துப் பார். உண்மையிலேயே பயம் என்றால் மீடியா கன்வர்ட்டர் (லேன் கேபிளை ஃபைபருக்கு மாற்றும் சின்னப் பெட்டி) இரண்டு, நடுவில் இரண்டு மீட்டர் ஃபைபர் வயர், மோடத்துக்கும் சர்வருக்கும் இடையில் போட்டுவிடு. லேன் வழியாகச் செம்புத் தொடர்பே இருக்காது. பழையது மலிவாகவே கிடைக்கிறது.

யுபிஎஸ் ஒன்று கட்டாயம். பேட்டரி செத்துப்போன யுபிஎஸ்ஸை ஆபீஸ்காரர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சின்ன யுபிஎஸ் பலவற்றில் உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி, ஆட்டோகேட்டுக்குப் போடும் அதே சைஸ், எந்த டவுனிலும் கிடைக்கும்.


தெலுக்_இந்தான்_காரன்:

அண்ணன் கரண்டைச் சொல்லிவிட்டார், நான் வீடியோவைச் சொல்கிறேன், ஏனென்றால் ராக் சர்வர் வாங்கினாலும் உங்கள் ஐபோன் பிரச்சினை தீராது.

ஐபோன் 2017இல் வந்த ஐஓஎஸ் 11லிருந்து எச்இவிசி (எச்.265) என்ற சுருக்க முறையில் வீடியோ எடுக்கிறது. உங்கள் டிவியோ அதில் இருக்கும் ஆப்போ அதை நேராக ஏற்காதபோது ஜெல்லிஃபின் அதை வேறு முறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அந்த வேலையை இன்டெல் சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி செய்தால் சிபியுவுக்கு வலிக்காது. உங்கள் 2120 இரண்டாம் தலைமுறை, அதற்கு எச்.264 போன்ற பழைய முறைகள்தான் தெரியும், எச்இவிசி தெரியாது, அதனால்தான் சிபியு மூச்சு வாங்குகிறது. ஆர்720க்குள் போகும் சியான் ஈ5களில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. ஆக 64 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு அதுவும் சிபியுவாலேயே அரைக்கும்.

6ஆம் தலைமுறைக்கு எச்இவிசி தெரியும், ஆனால் 8 பிட் (சாதாரண நிற அளவு) மட்டும். ஐபோன் 12லிருந்து வரும் எச்டிஆர் வீடியோ 10 பிட். அதற்கு 7ஆம் தலைமுறை வேண்டும். அதனால் எம்710க்யூ வாங்கும்போது கவனம், அதே பெட்டியில் 6500டியும் வரும், 7500டியும் வரும், விளம்பரத்தில் "ஐ5" என்று மட்டும் போட்டிருப்பார்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் 35 வாட் சிப், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

இந்த 7ஆம் தலைமுறை இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 முறைப்படி 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர. ஆபீஸ்கள் நன்றாக ஓடும் பெட்டிகளைக் கழித்துக் கட்டுகின்றன. நாம் லினக்ஸ் போடப் போகிறோம், நமக்கென்ன.

ஒன்று மட்டும், ரேமோடு சேர்த்து வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, பழைய டிடிஆர்4 கூட. உங்கள் டிடிஆர்3 இதில் போகாது. வீட்டில் செத்த லேப்டாப் ஏதாவது கிடந்தால் திறந்து பாருங்கள், மினி பெட்டிகளில் லேப்டாப் ரேம்தான்.

டிஸ்க்குக்கு யுஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கி இரண்டையும் வெளியே மாட்டிவிடலாம், வேலை முடிந்தது.


கிராணிமகள்:

கடைசி வரி தவிர மேலே சொன்னது எல்லாம் சரி. யுஎஸ்பியில் மிரர் வைக்காதீர்கள். இரண்டு டிஸ்க் போடும் மலிவுப் பெட்டிகளில் ஒரு நொடி தொடர்பு விட்டால் போதும், மிரரிலிருந்து ஒரு டிஸ்க் உதிர்ந்துவிடும், திரும்பச் சேர்த்தால் முழு டிஸ்க்கையும் மறுபடி எழுத வேண்டி வரலாம், அதற்குள் மறுபடி விடும். சில பெட்டிகள் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தையே (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) காட்டாது. பேக்கப் எடுக்க யுஎஸ்பி நல்லது, நாள் முழுக்க ஓடும் மிரருக்கு இல்லை.

அதனால் தம்பி, கையகலப் பெட்டி வேண்டாம், அதே 7ஆம் தலைமுறையில் எஸ்எஃப்எஃப் (டவரைவிடச் சின்ன மேசைப் பெட்டி) அல்லது டவர் தேடுங்கள். கரண்ட் சில வாட் கூடும், போகட்டும். எஸ்எஃப்எஃப் சிலவற்றில் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றுதான் போகும், சிலவற்றில் இரண்டு போகும், மூடியைத் திறந்த படம் அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஆபீஸ் பெட்டிகளில் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியது, வழக்கமான 24 பின் இல்லை, அது எரிந்துபோனால் டவுன் கடையில் கிடைக்கும் சப்ளையை நேராக மாட்ட முடியாது. வயர்மேன் அண்ணன் இடியைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை பெட்டியைப் பற்றி இல்லை. மிரர் பேக்கப் இல்லை. ஒரே இடி இரண்டு டிஸ்க்கையும் கொண்டுபோகும், தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். லயத்துப் படங்களை மறுபடி எங்கே போய் எடுப்பீர்கள்? 600 வெள்ளியில் முந்நூறை மட்டும் பெட்டிக்கு ஒதுக்கி, மிச்சத்தை யுபிஎஸ்ஸுக்கும் தனியாக ஒரு யுஎஸ்பி டிஸ்க்குக்கும் வையுங்கள். படங்களும் பத்திரங்களும் மட்டும் என்றால் 1 டிபி போதும், சினிமாவை எல்லாம் பேக்கப் எடுக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு முறை நகல் எடுத்து, அதை அக்கா வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் வாங்குவதாக இருந்தால் எஸ்ஏஎஸ் டிஸ்க் (சர்வருக்கான வகை) மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், சாதாரணச் சாட்டா கேபிளில் அது செருகவே செருகாது. டேட்டா பக்கத்துக்கும் பவர் பக்கத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே பட்டையாக இருந்தால் அது எஸ்ஏஎஸ். விற்பவரிடம் ஸ்மார்ட் விவரத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஓடிய மணி நேரம் முப்பதாயிரம் என்றால்கூட எனக்குப் பயமில்லை. 5, 197, 198 இந்த மூன்று வரிசையும் டிஸ்க்கில் கெட்டுப்போன அல்லது படிக்க முடியாத இடங்களை (செக்டர்) எண்ணுபவை, மூன்றிலும் பூச்சியம் இருக்க வேண்டும்.

வீட்டில் பல்லி, எறும்பு தொல்லை உண்டு என்றால் பெட்டியின் பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட் ஓட்டைகளை வலை வைத்து மூடுங்கள். பவர் சப்ளைக்குள் பல்லி போனால் என்ன ஆகும் என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், சிலர் பசியாறிக்கொண்டிருப்பார்கள்.


தெலுக்_இந்தான்_காரன்:

அக்கா, நல்ல சிப் போட்ட யுஎஸ்பி பெட்டி என்றால் அப்படி விடாது, எனக்கு ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் நான் மிரர் வைக்கவில்லை, தனித்தனி டிஸ்க், இரவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆர்சிங்க் என்ற நிரலால் நகல். மிரர்தான் வேண்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, அவர் எஸ்எஃப்எஃப் பக்கமே போகட்டும்.


பால்மரக்காடு:

நன்றி அண்ணே, அக்கா. ராக் சர்வர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈப்போவிலேயே இன்னொருவரிடம் எஸ்எஃப்எஃப் ஒன்று கிடைக்கிறது, ஐ5-7500, ரேம் 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு 4 டிபி டிஸ்க், எல்லாம் சேர்த்து 420. மூடியைத் திறந்த படம் அனுப்பினார், 3.5 அங்குலத்துக்கு இரண்டு இடம் இருக்கிறது. 7500க்குப் பின்னால் டி இல்லையே, பரவாயில்லையா? டிஸ்க்கின் ஸ்மார்ட் படமும் வந்தது: ஓடிய மணி நேரம் 27 ஆயிரத்துச் சொச்சம், 5இல் பூச்சியம், 197இல் 16, 198இல் பூச்சியம். 16 என்பது 4 டிபிக்குச் சின்ன எண்தானே? இன்னொன்று, பழைய மிரரைப் புதுப் பெட்டிக்கு எப்படிக் கொண்டுபோவது, எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டுமா?


கிராணிமகள்:

சின்ன எண் இல்லை. 197 என்றால் படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் செக்டர்கள். மறுபடி எழுதும்போது சில சமயம் சரியாகும், சில சமயம் நாளைக்கு 160 ஆகும். காசு கொடுத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம். டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பெட்டிக்கு மட்டும் விலை பேசுங்கள், 320க்கு மேல் போகாதீர்கள். இப்போதைக்கு உங்கள் 2 டிபி இரண்டையும் அதில் மாட்டுங்கள், அவற்றின் ஸ்மார்ட்டையும் பார்த்துவிட்டு. பெரிய டிஸ்க் அடுத்த போனஸில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

மிரரை ஓபன்மீடியாவால்ட்டிலேயே செய்ததாக இருந்தால் அது லினக்ஸின் சாஃப்ட்வேர் மிரர், மதர்போர்டோடு கட்டுப்பட்டது இல்லை. டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் செருகி, எஸ்எஸ்டியில் ஓபன்மீடியாவால்ட்டைப் புதிதாக ஏற்றி, புதிய பதிப்பு என்றால் அதன் எம்டி (md) பிளக்கினையும் சேர்த்தால் மிரரை அடையாளம் கண்டுகொள்ளும். ஏற்றும்போது அந்த இரண்டு டிஸ்க்கும் மாட்டாமல் இருக்கட்டும், தூக்கக் கலக்கத்தில் தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இம்மிச்சின் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பழைய சிஸ்டம் டிஸ்க்கில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், படங்கள் மட்டும் வந்தால் ஆல்பம், முகப் பெயர் எதுவும் வராது.


வயர்மேன்55:

டி இல்லாத 7500 பரவாயில்லை. 65 வாட் என்பது முழு வேலையில், சும்மா இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உன் சர்வர் நாள் முழுக்கச் சும்மாதான் இருக்கப் போகிறது.

பார்க்கப் போகும்போது மானிட்டர் இருக்கும் இடமாகப் பார்த்து வரச் சொல், மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் பெட்டியை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது. பயாஸுக்குள் போய்ப் பார், ஆபீஸில் போட்ட பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால் அவரே எடுத்துத் தந்த பிறகு காசு கொடு. உள்ளே போனதும், கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போட்டுவிடு. யுபிஎஸ் வாங்கியதும் யுஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்து நட் என்ற மென்பொருளை ஏற்று, பேட்டரி தீரும் முன் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடும். ஆனால் இடியில் ஈஎல்சிபி (மின்கசிவுச் சுவிட்ச்) டிரிப் ஆனால் இதெல்லாம் உதவாது, வீட்டில் யாராவது போய் சுவிட்சைத் தூக்கிவிட்டால்தான் உண்டு. ஷிப்டுக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ.


பால்மரக்காடு:

டிஸ்க் இல்லாமல் 310க்கு ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை அவர் கடைக்கே போய்ப் பார்க்கிறேன், மானிட்டர் இருக்கிறதாம்.