அடைக்கு உக்காந்த கோழிய கலைக்கறதா, அப்படியே விடறதா?

கொல்லைத்தோட்டம்:
எங்க கோழிங்கள்ல ஒண்ணு கொஞ்ச நாளா முட்டைப் பொட்டிய விட்டு இறங்கவே மாட்டேங்குது. கிட்ட போனா இறகெல்லாம் சிலுப்பிக்கிட்டு கொத்த வருது, க்ளக் க்ளக்னு ஒரே சத்தம். எங்ககிட்ட சேவல் இல்ல, முட்டையயும் தினம் எடுத்துடறோம், அது வெறும் வைக்கோல் மேல உக்காந்திருக்கு. தண்ணில முக்கினா அடை, அதாவது குஞ்சு பொரிக்க உக்கார்ற வேகம், தெளிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் 21 நாள் ஆனா தானா எழுந்துடும் விட்டுடுங்கறாரு. எது சரி?

சிவப்புக்கொண்டை:
முதல்ல அடைதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. முட்டையிட வந்த கோழி கொஞ்ச நேரம் உக்காரும், இட்டுட்டு கொக்கரிச்சுட்டு எழுந்து போயிடும். இருட்டுனதுக்கு அப்புறம் போய் பாருங்க. மத்ததெல்லாம் பரண்ல ஏறியிருக்கும்போது இது மட்டும் பொட்டியிலயே இருந்தா அடைதான். அடிவயித்த தடவிப் பாருங்க, இறகு உதிர்ந்து தோல் தெரியும், தொட்டா சூடா இருக்கும். நாளைக்கு ஒருக்கா ரெண்டு தடவ இறங்கி ஓடி ஓடி தின்னுட்டு குடிச்சுட்டு ஒரே ஒரு பெரிய எச்சம் போடும், நாத்தம் தாங்காது, அதப் பாத்து வயித்துக்கோளாறுன்னு பயப்படாதீங்க, அடக்கி வச்சிருந்து போடறதால அப்படி. ஆனா முக்கிக்கிட்டே, வால தொங்கப் போட்டு, சோர்ந்து நின்னா அது முட்டை அடைச்சிருக்கற பிரச்சனை, உடனே டாக்டர்கிட்ட காட்டணும்.

அடைன்னு தெரிஞ்சா அன்னைக்கே கூண்டுல போட்டு கலைச்சிடுங்க. சேவலே இல்லாத வீட்ல அது உக்காந்து என்ன பிரயோஜனம்?

கூடுகட்டி:
பிரயோஜனம் நமக்கா கோழிக்கா? அடை வர்றது நோய் இல்லங்க, உடம்பு கேக்கற ஒரு விஷயம். அந்த சமயத்துல முட்டையிடறது நின்னு உடம்புக்கு ஒரு ஓய்வு கிடைக்குது. வருஷம் பூரா முட்டை வேணும்னு நாம அவசரப்படறதுக்காக அத கூண்டுல போட்டு அலறவிடறது எனக்கு ஒப்பல. தண்ணியும் தீவனமும் கிட்ட வச்சிட்டு விடுங்க, தானா எழும்.

சிவப்புக்கொண்டை:
எப்போ எழும்? அந்த 21 நாள் முட்டை பொரியற கணக்கு, கோழியோட கணக்கு இல்ல. குஞ்சு பொரிஞ்சு அடியில கீச் கீச்னு அசைய ஆரம்பிச்சாதான் அதோட உடம்பு அடையில இருந்து தாய்மைக்கு மாறும். வெறும் வைக்கோல்ல உக்காந்தா அந்த சேதி வரவே வராது, மாசக்கணக்கா உக்காந்திருக்கற கோழிங்க உண்டு. ஓய்வுன்னு சொல்றீங்க, ஓய்வுல இருக்கற கோழி திங்கும். இது திங்கறத குறைச்சு, கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கையில தட்டற அளவுக்கு இளைச்சிடும். மண்குளியலும் ஒழுங்கா போடாது, செள்ளும் பேனும் அதுமேலதான் ஏறும். வெயில் காலத்துல மூடின பொட்டிக்குள்ள இறக உப்பிக்கிட்டு நாள் பூரா உக்காந்தா உயிருக்கே ஆபத்து. இத பாத்துக்கிட்டு இருக்கறதா கருணை?

தவிட்டுச்சிறகு:
எதுக்கு கூண்டெல்லாம், ஒரு வாளி தண்ணி போதும். வயிறு வரைக்கும் முக்கி எடுங்க, சூடு தணிஞ்சா அடை தெளிஞ்சிடும், காலங்காலமா இதத்தானே செய்றாங்க.

சிவப்புக்கொண்டை:
முக்கி எடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க, ஈரத்தோட அதே பொட்டியில போய் உக்காந்திருக்கும். ஏன்னா அடைய பிடிச்சு வச்சிருக்கறது புரோலாக்டின்ங்கற ஹார்மோன். அந்த கூடும் முட்டையும் வெறும் தோல்ல பட்டுக்கிட்டே இருக்கறதுதான் அத இறங்கவிடாம வச்சிருக்கு. கூட்ட விட்டு பிரிச்சா ஹார்மோன் இறங்கும். நீங்க தண்ணில அஞ்சு நிமிஷம் நனைச்சுட்டு திரும்ப அதே கூட்டுக்கு விட்டா என்ன மாறப்போகுது? குளிர்ல ஈரமா விட்டு உடம்பு விறைச்சா அது வேற தொல்லை. பஞ்சாரக் கூடையில கவுத்து வைக்கறதும் இதே கததான், உள்ள இருட்டு, அடியில தரை, அதுவே ஒரு கூடு ஆயிடும்.

தவிட்டுச்சிறகு:
எங்க கோழிங்களுக்கு கேட்டிருக்கே?

சிவப்புக்கொண்டை:
உக்காந்து ஒரு நாள் ரெண்டு நாள் ஆனதுன்னா எத செஞ்சாலும் கேக்கும்ங்க, பொட்டிய மூடினாலே போதும். நல்லா ஊறின அடைக்கு கேக்காது.

கொல்லைத்தோட்டம்:
சரி கூண்டு எப்படி வைக்கணும்?

சிவப்புக்கொண்டை:
அடிப்பக்கம் கம்பி வலை இருக்கணும், நாலு பக்கம் செங்கல் வச்சு தூக்கிடுங்க, கீழ காத்து ஓடணும். வைக்கோல், துணி, எதுவும் போடாதீங்க. வெளிச்சமான நிழல்ல, மத்த கோழிங்க கண்ணுல படற இடத்துல வைங்க, தனியா ஒதுக்கினா திரும்ப சேர்க்கும்போது கொத்தி விரட்டும். தண்ணியும் வழக்கமான தீவனமும் எப்பவும் இருக்கணும், பட்டினி போட்டா தெளியும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, ஏற்கனவே இளைச்ச கோழி அது. பெரும்பாலும் மூணு நாலு நாள்ல தெளியும். நடுவுல திறந்துவிட்டு பாருங்க, நேரா பொட்டிக்கு ஓடினா இன்னொரு நாள் உள்ள, மண்ணக் கிளறிக்கிட்டு மத்ததுங்களோட திரிஞ்சா முடிஞ்சது. முட்டைக்கு வர இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம், நாள் கடத்தி கலைச்சா இன்னும் தள்ளிப் போகும்.

கூடுகட்டி:
வெறும் கூட்ல விடறது தப்புங்கறத ஏத்துக்கறேன், ஆனா அதுக்கு கலைக்கறது ஒண்ணுதான் வழின்னு சொல்றத ஏத்துக்க மாட்டேன். சேவல் சேர்ந்த முட்டை யார்கிட்டயாவது வாங்கி வைங்க. ஒரு கோழி அடை வச்சு பொரிக்கறத எந்த இன்குபேட்டரும் செய்யாது, தானே புரட்டும், தானே சூடு பாத்துக்கும், பொரிஞ்ச குஞ்சுக்கு இறக்கைக்குள்ள இடம் கொடுத்து மேயவும் சொல்லிக்கொடுக்கும், சூட்டுக்கு பல்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். இட்டு ஒரு வாரத்துக்குள்ள ஆன முட்டையா, கழுவாததா, கோழி முழுசா மூடற அளவுக்கு பத்து பன்னெண்டு போதும். எல்லாத்தையும் ஒரே நாள்ல ராத்திரி வைங்க, பென்சில்ல கோடு போட்டுடுங்க, மத்த கோழி நடுவுல வந்து இட்டா கண்டுபிடிச்சு எடுக்கலாம், இல்லன்னா ஒண்ணு பொரிஞ்சு இன்னொண்ணு பாதியில நிக்கும். ஏழெட்டு நாள் கழிச்சு இருட்டுல டார்ச் அடிச்சு பாருங்க, சிவப்பா நரம்பு ஓடியிருந்தா கரு இருக்கு, மஞ்சளா தெளிவா தெரிஞ்சா கூமுட்டை, எடுத்துடலாம். செள்ளு இருக்கான்னு வைக்கறதுக்கு முன்னாடியே பாத்து சரி பண்ணிடுங்க.

சிவப்புக்கொண்டை:
இதுல சொன்னது எல்லாம் சரி, ஒண்ண விட்டுட்டீங்க. பொரியறதுல பாதி சேவலா வரும். அதுங்கள எங்க வைக்கறதுன்னு பதில் இல்லாதவங்க முட்டையே வாங்கக் கூடாது. நாலு கோழிக்கு கட்டின கூட்ல அஞ்சு இளஞ்சேவல் வளர்ந்தா பொட்டைங்களுக்கு முதுகுல இறகே மிஞ்சாது.

கூடுகட்டி:
அது நியாயம். அதுக்கும் வழி இருக்கு, சேவலா பொட்டையான்னு பிரிச்சு பாத்த பொட்டைக் குஞ்சா, பொரிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் ஆனதா வாங்கி ராத்திரில அடியில சொருகலாம், அடை நல்லா முத்தின கோழின்னா காலையில தன் குஞ்சுன்னே ஏத்துக்கும். விடியும்போது பக்கத்துல இருந்து பாக்கணும், கொத்தினா உடனே எடுத்துடணும். அதுக்காக பல்பும் பொட்டியும் முன்னாடியே தயாரா இருக்கணும்.

கொல்லைத்தோட்டம்:
எங்க கூட்ல இதுக்கு மேல ஒரு கோழிக்கும் இடம் இல்ல, அதனால குஞ்சு வேணாம், கூண்டுதான். வயித்த தடவிப் பாத்தேன், இறகே இல்ல, நல்ல சூடு. நெஞ்செலும்பும் கொஞ்சம் தட்டுது.

கூடுகட்டி:
அப்போ நானும் கூண்டுன்னுதான் சொல்வேன். ஆனா தண்ணிய கூண்டுக்குள்ள சாயாத மாதிரி கட்டி வைங்க, முதல் நாள் அது வெளிய வர முட்டி மோதி எல்லாத்தையும் கொட்டிடும்.