ஒரு ஆணிக்கு எத்தனை டயர்? ரன்ஃப்ளாட் மாற்றியவர்களின் அனுபவங்கள்

ரன்ஃப்ளாட் டயரோடு (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) வந்த வண்டி வைத்திருப்பவர்கள், டயர் மாற்ற நேர்ந்தபோது பட்ட பாட்டை இங்கே எழுதுங்கள். விற்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. என் கதையில் தொடங்குகிறேன்.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், இன்னொருவர் ஓட்டியதை வாங்கினேன். ஒரு நாள் டேஷ்போர்டில் காற்று குறைந்ததற்கான விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் நாலு டயரும் நிமிர்ந்து நிற்கின்றன. காலால் உதைத்தேன், கையால் அமுக்கினேன். எதில் காற்றில்லை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கச்சுவர் அவ்வளவு கெட்டி. எந்தச் சக்கரம் என்று சொல்லும் வசதியும் என் வண்டியில் இல்லை. சக்கரம் சுற்றும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்து ஊகிக்கிற பழைய ஏற்பாடு அது. வால்வில் மீட்டர் வைத்த பிறகுதான் பின்பக்க இடது டயர் பூஜ்யம் என்று தெரிந்தது. மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். ஜாக்கி இல்லை, கையில் அழுக்கு இல்லை. அதுவரைக்கும் ரன்ஃப்ளாட் வாழ்க!

மறுநாள் பங்சர் போடக் கொண்டுபோனேன். கடைக்காரர் டயரைக் கழற்றி, உள்பக்கம் விரலை விட்டு ஒரு இழு இழுத்துக் காட்டினார். விரல் நுனியில் கறுப்புத் தூள். நோட்டில் எழுதியதை ரப்பரால் அழித்தால் உதிருமே, அதே மாதிரி சுருள் சுருளாக. "காத்து இல்லாம ஓடியிருக்கு சார், உள்சுவர் தேஞ்சுபோச்சு. இதுக்கு நான் பேட்ச் போட மாட்டேன்" என்றார். வெளியே பார்த்தால் டயர் புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது. ஆணி போன ஓட்டை பட்டனுக்கு, அதாவது தரையில் பதியும் பகுதிக்கு, நட்டநடுவில், சாதாரண டயராக இருந்தால் கால் மணி நேர வேலை.

அப்புறம்தான் தேடல். என் வண்டியில் முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம். பின்பக்க அளவு வேண்டும், அதே பிராண்ட் வேண்டும், ரன்ஃப்ளாட் ஆகவும் இருக்க வேண்டும், பக்கச்சுவரில் பிஎம்டபிள்யூவுக்கான நட்சத்திரக் குறியும் இருந்தால் நல்லது. கேட்ட இடத்தில் எல்லாம் "ஆர்டர் போட்டா வரும்" என்றார்களே தவிர, கையில் வைத்திருப்பவர் ஒருவருமில்லை. ஸ்டெப்னியும் கிடையாது என்பதால் வண்டி அதுவரை ஜாக்கி மேல்தான். ஜோடி டயர் பாதி தேய்ந்திருந்ததால் ஒரே அச்சில் ஒன்று புதுசு, ஒன்று பழசு வேண்டாம் என்றார்கள். ஆக, ஒரு ஆணிக்கு இரண்டு டயர். விலைப்பட்டியலில் அதே அளவு சாதாரண டயரின் விலை பக்கத்து வரியிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகப் பணம் கட்டியிருப்பேன்.

*

உங்களுக்காவது இரண்டோடு முடிந்தது. என்னுடையது நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற வண்டி.

புது டயரில் டிரெட் ஆழம், அதாவது பட்டன் பள்ளத்தின் ஆழம், சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். என்னுடைய மற்ற மூன்றில் பாதிதான் பாக்கி. 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பதுதான் பல நாடுகளில் சட்டம், அந்தக் கணக்கில் அவை மூன்றும் நல்ல டயர்கள். ஆனால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அதன் சுற்றளவு கூடுதல், மற்றதைவிட மெதுவாகச் சுற்றும். இந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தருகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் சமாளிக்க வேண்டும். உள்ளே உள்ள கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்து சூடாகித் தேயும். அது போனால் வருகிற பில்லுக்கு நாலு ரன்ஃப்ளாட் டயர் எவ்வளவோ தேவலை என்று மெக்கானிக் சொன்னார். கேட்டேன், வேறு வழி?

புது டயரைச் சீவி, பழையதன் ஆழத்துக்குக் கொண்டுவரும் மெஷின் சில இடங்களில் உண்டு. காசு கொடுத்து வாங்கிய புது ரப்பரைக் காசு கொடுத்தே சுரண்டி எறிவது. எனக்கு மனசு வரவில்லை, நாலையும் மாற்றினேன். கழற்றிய மூன்றையும் என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை. ஒற்றை ரன்ஃப்ளாட்டை வாங்க ஆள் இல்லை.

*

நான் டயர் மாட்டுகிற தொழிலில் இருக்கிறேன். மேலே சொன்ன கடைக்காரர் செய்தது சரி. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்களைத் திட்டுபவர்கள் நிறைய, உள்ளே நடப்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

சாதாரண டயரில் காற்று போனால் பக்கச்சுவர் நசுங்கி ரிம் தரையைத் தொட்டுவிடும். ரன்ஃப்ளாட்டில் அந்தச் சுவருக்குள் தடித்த ரப்பரை வைத்திருப்பார்கள், வண்டியின் எடையை அதுவே தாங்கும். வழக்கமாகச் சொல்லும் அளவு: காற்று முழுக்கப் போன பின் 80 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல். ஆளும் சாமானும் ஏற ஏற அந்தத் தூரம் குறையும். இது வீட்டுக்கோ கடைக்கோ வந்து சேரத்தான். "80 வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கே, நான் 30 தானே போனேன், பங்சர் போட்டுக் கொடு" என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. காற்றில்லாமல் எவ்வளவு தூரம், என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்பது எனக்குத் தெரியாது. நான் பார்ப்பது உள்சுவரை மட்டும். தூளோ, சுருக்கமோ, நிறம் மாறிய வளையமோ இருந்தால் கை வைக்க மாட்டேன்.

ஆனால் ரன்ஃப்ளாட்டுக்கு பங்சரே போடக் கூடாது என்பதும் உண்மையில்லை. டயர் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும், வண்டிக் கம்பெனிகளோ பெரும்பாலும் மாற்றச் சொல்வார்கள். ஓட்டை பட்டன் பகுதியில் இருந்து, 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, காற்று இறங்கத் தொடங்கியதுமே நிறுத்தியிருந்தால், கழற்றி உள்ளிருந்து காளான் போலத் தண்டுள்ள பேட்ச் போட அனுமதிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அதனால் விளக்கு எரிந்ததும் 'ரன்ஃப்ளாட்தானே' என்று அலட்சியமாக ஓட்டாதீர்கள். முதலில் காற்றைப் பாருங்கள். கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்றால் நிரப்பிக்கொண்டே கடைக்கு வாருங்கள். சின்ன கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் கிடந்தால் ஒரு டயர் மிச்சம். என்னிடம் வருகிற ரன்ஃப்ளாட்டில் பாதிக்கு மேல் இப்படிக் காப்பாற்றியிருக்கக் கூடியவை.

கூலி ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால் மறுபக்கம் தானாக ஏறிவிடும். ரன்ஃப்ளாட் மடங்கவே மடங்காது. அமுக்கிப் பிடிக்கத் துணைக்கை உள்ள மெஷின் வேண்டும். ரிம்மின் ஓர மேடும் உயரமாக இருக்கும், டயர் அதைத் தாண்டிக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. காற்றழுத்த சென்சார் வால்வுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும், எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்று பார்க்காமல் மெஷினைச் சுற்றினால் டயர் ஓரம் அதை நசுக்கிவிடும். குளிர்ந்து கிடந்த டயரை அப்படியே மாட்டினால் ஓரம் கிழியும், இளஞ்சூடாக்கித்தான் மாட்ட வேண்டும். மெஷின் இல்லாத இடத்தில் கடப்பாரை போட்டு நெம்பி, ரிம் ஓரம் பெயர்ந்து என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அதிகம் விற்காத அளவு என்றால் டயர் கிடங்கில் ரொம்ப நாள் கிடந்திருக்கலாம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பணம் கட்டும் முன் பாருங்கள், மாட்டிய பிறகு பார்த்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

*

எல்லோரும் திட்டுகிறீர்களே, நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் ராத்திரி, பின்னால் குழந்தைகள் தூக்கத்தில், ஓரங்கட்ட இடமில்லாத மேம்பாலம். முன்பக்க டயர் எதையோ ஏறிக் கிழித்துக்கொண்டது. ஸ்டீயரிங் லேசாக இழுத்தது, அவ்வளவுதான். வெளிச்சமான இடம் வரும்வரை ஓட்டினேன். அந்த இடத்தில் லாரிகளுக்கு நடுவே நான் ஒருத்தி ஜாக்கி வைத்து டயர் மாற்றியிருக்க முடியாது. பில் எனக்கும் வலித்தது, ஆனாலும் அடுத்த முறையும் ரன்ஃப்ளாட்தான் போடுவேன். குண்டுகுழியில் இடுப்பு ஒடிவது தனிக் கதை.

*

அக்கா சொல்வது நியாயம். நான் எதிர்ப்பக்கம் போனவன், நாலும் தேய்ந்து முடிந்த சமயம் பார்த்துச் சாதாரண டயருக்கு மாறிவிட்டேன். இரண்டு அது, இரண்டு இது என்று கலந்து போடக் கூடாது. வளைவில் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பாதியில் மாற வழியில்லை, நாலும் தேயும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

மாறியதும் முதலில் தெரிந்தது சத்தம் அல்ல, பாலங்களின் இணைப்புகள். முன்பு ஒவ்வொரு இணைப்பும் முதுகில் 'டொக்' என்று விழும். இப்போது அது டயரோடு நின்றுவிடுகிறது. எடை குறைந்ததால் ஸ்டீயரிங்கும் லேசாகிவிட்டது. வேகமான வளைவில் முன்பிருந்த இறுக்கம் கொஞ்சம் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வேகத்தில் நான் தினமும் போவதில்லை.

ஆனால் மிச்சப்பட்ட பணம் முழுக்க மிச்சம் என்று நினைக்காதீர்கள். என் வண்டியில் ஸ்டெப்னிக்குப் பள்ளமே கிடையாது, அந்த இடத்தில் பேட்டரி இருக்கிறது. ஒல்லியான ஸ்பேர் சக்கரம் ஒன்றும் ஜாக்கியும் ஸ்பேனரும் வாங்கி டிக்கியில் படுக்கப் போட்டுப் பட்டையால் கட்டியிருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் பஞ்சாயத்து: சக்கரமா, பெட்டியா? பக்கத்தில் போகும்போது சக்கரத்தை இறக்கி வைத்துவிட்டு, கம்ப்ரஸரும் பங்சர் ஒட்டும் திரவமும் மட்டும் எடுத்துக்கொள்வேன். அந்தத் திரவ டப்பாவுக்குக் காலாவதித் தேதி உண்டு, பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. உபயோகித்துவிட்டால் கடையில் கழுவித் துடைக்கும்போது திட்டுவார்கள், சென்சாருக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டயர் மாற்றியதை எழுதித் தெரிவித்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சில இடங்களில் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டதால் செய்தேன்.

*

கொஞ்சம் பழைய கதை. இந்தத் தொல்லை புதிதல்ல. 1970களிலேயே டன்லப் டெனோவோ என்று ஒன்று மினி 1275 ஜிடி போன்ற வண்டிகளுக்கு வந்தது, தனி ரிம்மோடு. 1994இல் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு குட்இயரின் பக்கச்சுவர் தடித்த டயர் விருப்பத் தேர்வாக வந்தது, 1997 மாடலில் இருந்து அதுவே வழக்கமாகி ஸ்பேர் சக்கரம் போய்விட்டது. மிஷலின் பாக்ஸ் வேறு வகை: ரிம்மைச் சுற்றி உள்ளே ஒரு வளையம், காற்று போனால் டயர் அதன் மேல் உட்காரும். ஹோண்டா ஒடிசி மாதிரி குடும்ப வண்டிக்கு எல்லாம் போட்டார்கள். அதைக் கழற்றி மாட்டத் தனிக் கருவி வேண்டும், அது எல்லாக் கடையிலும் இல்லை. அந்த வகை நிலைக்கவில்லை. நாம் இப்போது புலம்புகிற வகையாவது பெரிய கடைகளில் மாட்டித் தருகிறார்கள்.

ஆர்டர் போடுபவர்கள் ரன்ஃப்ளாட் என்று காட்டும் எழுத்தையும் கவனியுங்கள். பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷலினில் இஸட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப். பெயரும் அளவும் ஒன்றாகவே இருந்து, இந்த எழுத்து மட்டும் இல்லாத சாதாரண டயர் வந்து இறங்கிய கதை என் நண்பருக்கு நடந்திருக்கிறது. திருப்பி அனுப்பி, மறுபடி காத்திருந்து... பாவம்.

*

தொடங்கியவன் நான்தான். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகத் தொழிலில் இருக்கும் அண்ணனுக்கு. கம்ப்ரஸர் வாங்கி டிக்கியில் போட்டுவிட்டேன்.

டயருக்கெனத் தனி இன்சூரன்ஸ் எடுத்திருந்தாயே என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். எடுத்திருந்தேன். டிரெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள் என்பது என் பாலிசியில் இருக்கிறது. ஆணி ஏறிய டயருக்கு ஒரு பங்கு வந்தது. ஜோடிக்காக மாற்றியதற்கு ஒன்றும் இல்லை, அதில் ஆணி ஏறவில்லையே!

இப்போது முன்பக்க இரண்டும் தேய்ந்துகொண்டு வருகின்றன, உள்ஓரம் வேகமாக. அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. அவை முடிவதற்குள் ஒன்று தெரிய வேண்டும். 18 அங்குல ரிம்மிலிருந்து 17க்கு இறங்கினால் டயர் விலை குறைகிறது, ரன்ஃப்ளாட்டும் சுலபமாகக் கிடைக்கிறது, நாலும் ஒரே அகலம் என்பதால் முன்பின் மாற்றிப் போடவும் முடியும். அப்படி இறங்கியவர்கள் யாராவது இருந்தால், பிரேக் கேலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா, எந்த ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) ரிம் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.