ஜிம்மிக்கு தைராய்டு கம்மியாம், அவசரம்!!

ஜிம்மி_வீடு: டி4 (தைராய்டு சுரப்பி விடுற ஹார்மோனாம்) 1.1, பக்கத்துல ‘லோ’ன்னு போட்டிருக்கு. டிஎஸ்எச் (அந்தச் சுரப்பியை முடுக்கிவிடுற ஹார்மோனாம்) கிட்டத்தட்ட ஜீரோ. ஆயுசுக்கும் மாத்திரைங்கிறார் டாக்டர். முடியும் கொட்டிடுச்சு. இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கணுமா?

கோவை_பூனைக்காரி: ஜிம்மி நாயா பூனையா? வயசு, எடை? வேற நோய் ஏதாவது?

ஜிம்மி_வீடு: நாய்தான்க்கா. லேப்ரடார், 7 வயசு, 31 கிலோ. உண்ணிக் காய்ச்சல் வந்து மூணு வாரம், அதுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை போகுது. அதுக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்?

கடலோரம்: அயோடின் பத்தலைங்க. வெறும் கோழிச்சோறு போட்டா இப்படித்தான். வாரம் ரெண்டு நாள் மத்தி மீன் வேகவச்சுப் போடுங்க.

செல்வி_டாமி: எங்கம்மாவுக்கும் இதேதான். காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, இப்ப நல்லா இருக்காங்க.

பழைய_கை: வழக்கம்போல பாதிக் கதை. ரிப்போர்ட்ல ரேஞ்ச்னு என்ன அச்சடிச்சிருக்குன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலை.

ஜிம்மி_வீடு: 5.1 - 14.1. தெருமுனை லேப்தான் சார்.

பழைய_கை: அது மனுஷ அளவு. நாய்க்கு ஏறக்குறைய 1-லேர்ந்து 4 வரைக்கும். இதை வச்சுப் பார்த்தா ஊர்ல இருக்கிற அத்தனை நாயும் ‘லோ’தான். டிஎஸ்எச் அதைவிடக் கூத்து. மனுஷ கிட்டுக்கு நாயோட டிஎஸ்எச் சிக்காது, அந்த ஜீரோவைத் தூக்கிக் குப்பையில போடுங்க. நிஜமா சுரப்பி படுத்திருந்தா டிஎஸ்எச் ஏறணும். நாலுல ஒரு நாய்க்கு அப்பவும் ஏறாது. இதையெல்லாம் எத்தனை தடவை எழுதுறது?

கோவை_பூனைக்காரி: தம்பி, ஸ்டீராய்டு ஏதும் போகுதா?

ஜிம்மி_வீடு: ப்ரெட்னிசலோன். பிளேட்லெட் இறங்கிடுச்சுன்னு குடுத்தாங்க.

கோவை_பூனைக்காரி: அதை முதல்லயே சொல்லக் கூடாதா! காய்ச்சலே டி4-ஐ இறக்கும், சுரப்பி நல்லா இருந்தாலும். ஸ்டீராய்டு இன்னும் இறக்கும். வலிப்புக்குக் குடுக்கிற ஃபீனோபார்பிட்டாலும் அப்படித்தான். அதுக்காக நீங்களா ஸ்டீராய்டை நிறுத்திடாதீங்க, டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். அது முடிஞ்சு ஒரு ஆறு வாரம் போகட்டும். கால்நடை லேப்ல டி4, டயாலிசிஸ்ங்கிற லேப் முறையில ஃப்ரீ டி4 (ரத்தத்துல புரதத்தோட ஒட்டாம தனியா இருக்கிற டி4), நாய் டிஎஸ்எச் மூணும் சேர்த்து எடுங்க. டாக்டர்கிட்ட சண்டை வேணாம், அந்த ரேஞ்சைக் காட்டிக் கேளுங்க.

என் கிழட்டுப் பூனைக்கு இதே கதை தலைகீழா நடந்துச்சு. 14 வயசு, கிட்னி கோளாறு. டி4 நார்மல்தான், ஆனா மேல் விளிம்புல. தைராய்டு ஓவரா ஓடிட்டு இருந்திருக்கு, கிட்னி நோய் அதை இழுத்து நார்மல்ல உட்கார வச்சிருக்கு.

சரி, முடி எங்க கொட்டியிருக்கு?

ஜிம்மி_வீடு: வயித்துல. சதுரமா.

கோவை_பூனைக்காரி: ஸ்கேன் எடுத்தீங்களா?

ஜிம்மி_வீடு: ஆமா... அட, அங்கதான் ஷேவ் பண்ணாங்க.

வேட்டைக்காரன்: கிரேஹவுண்ட், சலூக்கி மாதிரி ஓட்ட நாய்க்கெல்லாம் டி4 இயல்பாவே கம்மி. நம்ம சிப்பிப்பாறை, ராஜபாளையத்துக்கும் அப்படித்தான் இருக்கும்.

பழைய_கை: ராஜபாளையம் பன்னி வேட்டை நாய். அதைக் கிரேஹவுண்ட் கூட்டத்துல சேர்க்காதீங்க.

வேட்டைக்காரன்: அதோட நெஞ்சாழத்தைப் பார்த்திருக்கீங்களா? கிரேஹவுண்ட் மாதிரியேதான். எங்க வீட்டுல மூணு நிக்குது.

பழைய_கை: மூணு நாய் வச்சிருந்தா டாக்டரா?

கடலோரம்: மத்தி மீன் பத்தி யாரும் பேசலயே.

ஜிம்மி_வீடு: மூணு மாசம் கழிச்சு வரேன், ஸாரி. மாத்திரை ஆரம்பிக்கல. ஸ்டீராய்டு முடிஞ்சு, போன வாரம் திரும்ப எடுத்தோம். டி4 2.3, மத்த ரெண்டும் நார்மல். சதுரத்துல முடி வந்தாச்சு. நன்றிக்கா.

வேட்டைக்காரன்: சந்தோஷம் தம்பி. பழைய கை சார், நெஞ்சளவு போட்டோ போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, பார்த்தீங்களா இல்லையா?