ஹெரால்டை மேடைக்குத் தயார் செய்வதா, சாலையில் ஓட்டுவதா?

திருநகர் ஹெரால்டு:
அப்பாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு போன மாதம் வீடு திரும்பியது. இரண்டு கதவு, 948 சி.சி. என்ஜின், இளநீல நிறம். தகரவேலை, பெயிண்ட், குரோம் முலாம், இருக்கை உறை எல்லாம் புதிது. நான்கரை லட்சம் ரூபாய் ஆகியிருக்கிறது. வரும் தை மாதம் கோவையில் நடக்கும், பழைய கார்களை மேடையில் நிறுத்தி மதிப்பெண் போடும் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

பிரச்சினை வீட்டுக்குள்தான். பெயிண்ட் வேலை செய்தவர், போட்டி முடியும்வரை வண்டி மழையையும் மண்ணையும் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அம்மாவோ, வண்டி முதலில் குலதெய்வத்தின் வாசலில் நின்றாக வேண்டும் என்கிறார். கோயில் உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கிறது. போகவர நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. திருமணம் முடிந்த மறுவாரம் அப்பா அம்மாவை இதே வண்டியில் அங்கேதான் அழைத்துப் போனாராம். அப்பாவுக்கு இப்போது கண்பார்வை போதாது, ஓட்டப்போவது நான்தான். போகலாமா, பொறுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கே.கே.நகர் ஃபியட்:
பொறுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், பொறுங்கள்.

ஹெரால்டின் முன்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும் வண்டி அது. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த வடிவத்தின் அழகே அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. செக்கானூரணியில் ஒரு ஷேர் ஆட்டோ லேசாக உரசினால் நீங்கள் மாற்ற வேண்டியது ஒரு மட்கார்டு அல்ல, வண்டியின் பாதி முகம். ஹெரால்டு தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தத் தகட்டை எந்தக் கடையில் கேட்பீர்கள்?

என்னிடம் 1965 ஃபியட் 1100 டிலைட் இருக்கிறது. அதன் பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுக்காக இரண்டு ஆண்டு அலைந்தேன். போட்டிக்கு முன் கிடைத்த கண்ணாடியை, போட்டிக்குப் பின் ஒரு சைக்கிள் கைப்பிடி உடைத்தது. அன்றிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு இறங்குவது போட்டிக்கு மட்டும், அதுவும் லாரியில்.

சிம்மக்கல் பட்டறை:
நாற்பது ஆண்டாகப் பழைய வண்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஓடித் தேய்ந்த வண்டியைச் சரிசெய்வது எளிது. நின்று கெட்ட வண்டியைச் சரிசெய்வதுதான் தலைவலி.

வண்டி நின்றால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; சக்கர சிலிண்டருக்குள் துரு ஏறிப் பிஸ்டன் இறுகும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பசையாக மிஞ்சி, ஜெட் எனும் நுண்துளையை அடைக்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தையும் இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் அரிக்கும். கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயில் வடிந்து உலர்ந்துவிடும். டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும். வெளியே பெயிண்ட் கண்ணாடியாக மின்னும், உள்ளே வண்டி செத்துக்கொண்டிருக்கும்.

தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

கே.கே.நகர் ஃபியட்:
அண்ணன் சொல்வதில் இயந்திர நுட்பம் முழுக்க உண்மை. ஆனால் அவையெல்லாம் பராமரிக்காமல் விடப்பட்ட வண்டியின் நோய்கள். என் ஃபியட்டை மாதம் இருமுறை என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுகிறேன். தெரு முனைவரை முன்னும் பின்னும் நகர்த்துகிறேன். பிரேக் ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுகிறேன். பெட்ரோல் தொட்டியில் பழைய பெட்ரோலைத் தங்கவிடுவதில்லை.

போட்டி என்றால் பளபளப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுவர் எதிரில் நிறுத்தும் வண்டியில் ஒவ்வொரு திருகுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் தட்டைத்தலைத் திருகு வருமா, நட்சத்திரத்தலை வருமா? ஹோஸ் கிளிப் எந்த வகை? டயர் அளவு அந்தக் காலத்து 5.20-14 தானா? இதையெல்லாம் தேடித்தான் நான் பழைய கையேடுகளைப் படித்தேன், ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். போட்டி என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்த அறிவு யாருக்கு வேண்டும்? ஓட்டுவதற்கு மட்டும் என்றால் மாருதி ஆல்டர்னேட்டரும் ஏதோ ஒரு பைக்கின் ஹாரனும் போதும். அப்படி ஒட்டுப்போட்டு ஓட்டியே நம் ஊரில் எத்தனை நல்ல வண்டிகள் அடையாளம் இழந்தன! தாமிரம், நிக்கல், அதன்மேல் குரோம் என்று முறையாக முலாம் பூசத் தெரிந்தவர்களுக்கு இன்றும் வேலை கொடுப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

நத்தம் சாலை அம்பாசடர்:
முலாம் பூசுபவருக்கு வேலை கொடுப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வண்டியை ஓட்டத் தெரிந்தவர்களை யார் காப்பாற்றுவது? ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் உள்ள வண்டியை என் மகன் வயதுக்காரர்களில் எத்தனை பேர் ஓட்டுவார்கள்? அதுவும் அறிவுதான். கையேட்டில் படித்து வராது, கையில்தான் வரும்.

என் அம்பாசடர் 1989 வண்டி. வாரம் ஒருமுறை விடிவதற்கு முன் எடுத்து, தல்லாகுளம் வழியாக அழகர்கோயில்வரை போய்வருவேன். மலையடிவாரத்தில் சாலையோர மரங்களுக்கு நடுவே மூன்றாம் கியரில் அந்த என்ஜின் முனகும் ஒலியை எந்த மேடையில் கேட்க முடியும்?

போட்டி என்றாலே உலகம் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சைத்தான் சொல்லும். 1950-ல் தொடங்கியது. அங்கேயே 1998 முதல், போட்டிக்கு முன் சாலைப் பயணம் ஒன்றை நடத்துகிறார்கள். ஒரே பிரிவில் இரண்டு வண்டிகள் சம மதிப்பெண் பெற்றால், அந்தப் பயணத்தை முடித்த வண்டிக்கே முன்னுரிமை. லண்டனிலிருந்து பிரைட்டன்வரை ஒவ்வொரு நவம்பரிலும் 1905-க்கு முந்தைய வண்டிகள் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் ஓடுகின்றன. 120 ஆண்டு வயதான வண்டி மழையில் நனைந்துகொண்டு ஓடுகிறது. நம் ஹெரால்டு உசிலம்பட்டிக்குப் போகக் கூடாதா?

கே.கே.நகர் ஃபியட்:
பிரைட்டன் சாலையில் வண்டி நின்றால் உதவிக்குப் பின்னாலேயே ஆள் வருகிறது. தேனி சாலையில் நின்றால் பின்னால் வருவது மணல் லாரி.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா தரும் வரையறையையும் பாருங்கள். குறைந்தது 30 ஆண்டு வயது, வரலாற்றுக்குப் பொருந்திய நிலை, அதோடு அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை. மூன்றாவது நிபந்தனையை வீணாகவா எழுதினார்கள்?

நம் ஊருக்கே வருகிறேன். மீனாட்சியம்மன் தேர் ஆண்டில் ஒரு நாள்தான் மாசி வீதிகளைச் சுற்றுகிறது. மற்ற நாளெல்லாம் தேரடியில் நிலையில் நிற்கிறது. அதனால் அதன் பெருமை குறைந்துவிட்டதா? பெருமை இருப்பதால்தான் தினமும் இழுப்பதில்லை.

சிம்மக்கல் பட்டறை:
தேர் உதாரணத்தை எடுத்தீர்கள், நல்லது. ஏதோ காரணத்தால் தேரோட்டம் நின்றுபோன ஊர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சக்கரம் மண்ணில் புதைந்து, அச்சைக் கரையான் தின்று, கடைசியில் சிற்பங்களை மட்டும் கழற்றி மண்டபத்தில் வைத்திருப்பார்கள். மீனாட்சியம்மன் தேர் நன்றாக இருப்பதற்குக் காரணம், ஆண்டுதோறும் அது ஓடியே ஆகவேண்டும் என்பதுதான். ஓட வேண்டும் என்பதால் அச்சைப் பார்க்கிறார்கள், சக்கரத்தைப் பார்க்கிறார்கள். தெரு முனைவரை நகர்த்துவது ஓட்டம் ஆகாது. கியர்பெட்டியும் பின் அச்சும் சூடாவதற்கு அரை மணி நேரமாவது சாலையில் போக வேண்டும்.

காரைக்குடிப் பழைய வீடு:
இரு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளின் முன்கட்டில் அறுபது, எழுபது ஆண்டுகளாக அசல் பெயிண்டோடு நிற்கும் வண்டிகள் உண்டு. அவற்றைத் தேடி வருபவர்கள் முதலில் செய்வது அந்தப் பெயிண்டை உரிப்பது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை ஏற்றிவிட்டு, அதற்கு மீட்பு என்று பெயர் வைக்கிறார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் இன்று அசல் நிலையில் காக்கப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மங்கிய நிறமும் வெடித்த தோலும் அங்கே மதிப்பெண். ஒருமுறை உரித்தால் அசல் திரும்ப வராது. திருநகர் நண்பருக்கு இது தாமதமான பேச்சு. படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளை அதன்கீழ் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். குலதெய்வம் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்டும் எண்ணம் இருந்தால் வழக்கமான ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டு இருங்கள். யாராவது பெருமைக்காக மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள்.

வைகைக்கரை:
நான் வண்டி நுட்பம் தெரிந்தவள் அல்ல. என் அப்பாவின் பத்மினி காருக்குப் போட்டியில் இரண்டு முறை பரிசு கிடைத்தது. அதன் பிறகு அதன்மேல் தார்ப்பாய் விழுந்தது. பேரப்பிள்ளைகள் கதவைத் திறந்து உட்காரக்கூட அனுமதி இல்லை. ‘அடுத்த போட்டி முடியட்டும், உங்களையெல்லாம் தெப்பக்குளம் கூட்டிப்போகிறேன்’ என்பார். நான்கு ஆண்டுகள் அதைச் சொன்னார், பிறகு அவர் இல்லை.

சிம்மக்கல் அண்ணன் சொன்னது போலவே கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தேன். என் மகன் கேட்ட முதல் கேள்வி: ‘தாத்தா ஓட்டும்போதும் இந்த மணம் வருமா?’ பெட்ரோலும் பழைய ரெக்சினும் கலந்த மணம் அது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஃபியட் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவும் அவரைப் போலத்தான் அந்த வண்டியை நேசித்தார்.

கே.கே.நகர் ஃபியட்:
தங்கை, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் ஃபியட்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்தது இல்லை. ஆனாலும் ஒரு வண்டி நமக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். ஓட்டினால் நம் காலத்தோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

சிம்மக்கல் பட்டறை:
அச்சம் இருப்பது நல்லது. அச்சத்தோடு ஓட்டுபவன்தான் வண்டியைக் கவனிப்பான்.

திருநகர்த் தம்பிக்கு: புறப்படுமுன் முன்சக்கரத்து டிரன்னியனைப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், மரையோடு கூடிய வெண்கலத் துண்டு அது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், கிரீஸ் அடைக்கக் கூடாது. நம் ஊரில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து எல்லாவற்றுக்கும் அடித்துவிடுவார்கள். உள்ளே நீர் தங்கித் தண்டு துருப்பிடித்து ஒருநாள் ஒடியும், சக்கரம் மடிந்துவிடும். போட்டியில் எந்த நடுவரும் இதைக் கழற்றிப் பார்க்க மாட்டார். நீங்கள் பார்த்தே ஆகவேண்டும். எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். விடிவதற்குள் கிளம்பினால் வெயிலுக்குமுன் திரும்பிவிடலாம். உச்சி வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி திணறும். வளைவில் வேகம் வேண்டாம். ஹெரால்டின் பின் அச்சு ஊசலாடும் வகை. வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும்.

திருநகர் ஹெரால்டு:
போய் வந்துவிட்டோம். ஞாயிறு அதிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். டிரன்னியனைத் திறந்து பார்த்தபோது அண்ணன் சொன்னது போலவே உள்ளே கிரீஸ்தான் இருந்தது. சனிக்கிழமை முழுவதும் அதைச் சுத்தம் செய்து ஆயில் ஊற்றினேன். நான்கரை லட்சம் செலவழித்த வண்டியில் அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

நாகமலை தாண்டியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கண் தெரியாவிட்டாலும் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் இடது கை தானாக அசைந்தது. ஒரு இடத்தில் ‘இப்போது மாற்று’ என்றார். நான் தாமதித்திருந்தேன், அவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது. மண்பாதையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போனோம். கோயில் வாசலில் இடம் குறுகலாக இருந்தும் ஒரே வீச்சில் திருப்பிவிட்டேன். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி என்று படித்திருந்தேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பூசாரி முன்கண்ணாடியில் சந்தனம் வைத்தார்.

ஃபியட் அண்ணனிடம் மறைக்கக் கூடாது. இடது கதவுக்குக் கீழே கல் தெறித்து அரிசி அளவுக்குப் பெயிண்ட் போயிருக்கிறது. அடியில் பிரைமர் தெரிகிறது.

கே.கே.நகர் ஃபியட்:
நான் உங்கள் இடத்தில் இருந்தால் தை முடியும்வரை போயிருக்க மாட்டேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

அந்த இடத்தை யாரையும் தொட விடாதீர்கள். தெருமுனைப் பெயிண்டர் ஸ்பிரே அடித்தால் ஒரு முழ நீளத்துக்கு நிறம் மாறித் தெரியும். தண்ணீர் படாமல் மெல்லிய டேப் மட்டும் ஒட்டிவையுங்கள். பெயிண்ட் கலந்த கடையில் கலவை எண் குறித்து வைத்திருப்பார்கள், ஐம்பது மில்லி வாங்குங்கள். மெல்லிய தூரிகையில் சொட்டுச் சொட்டாக ஆறேழு முறை, நடுவில் நன்றாக உலரவிட்டு வைத்து, கடைசியில் 2000 எண் உப்புத்தாளால் ஈரத்தில் தேய்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை திருநகர் வருகிறேன். தூரிகை என்னிடம் இருக்கிறது.

சந்தனத்தைத் துடைத்தீர்களா? துடைக்க வேண்டாம்.